சொட்டும் இடத்துக்கு மேலே ஓட்டை இருக்காது

ஐப்பசி பிறந்துவிட்டால் கள்ளக்குறிச்சி டீக்கடைகளில் இந்தப் பேச்சு தவறாமல் வரும். "ஏண்ணே, போன வருசம்தான் தார் பூசினேன், மறுபடியும் அதே எடத்துல ஒழுகுது" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "எம்-சீல் வெச்சுப் பாரு தம்பி" என்பார் பக்கத்து பெஞ்சுக்காரர். ஷீட்டையே மாத்திடு என்பார் இன்னொருவர். மூவரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று மூவரில் யாரும் கேட்பதில்லை. தகரக் கூரை ஒழுக்கில் அதைத் தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம். கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது. இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

நம் மாவட்டத்தில் தகரம் ஏறாத இடமே குறைவு. கீற்றும் கரும்புத் தோகையும் வேய்ந்த கொட்டாய்கள் இருந்த இடத்தில் இன்று ஜி.ஐ. ஷீட்டும் கலர் ஷீட்டும் நிற்கின்றன. மாட்டுக் கொட்டகை, மக்காச்சோளம் கொட்டி வைக்கிற ஷெட், மொட்டை மாடியில் வெயிலுக்குப் போட்ட பந்தல், உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக் கடை, கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணையைக் கடந்து மேலே ஏறினால் கரியாலூர், வெள்ளிமலைப் பக்கத்து வீடுகள் என்று எங்கும் தகரம்தான். இந்தக் கூரைகள் தாங்குகிற தண்ணீரை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 அடிக்கு 15 அடி, அதாவது 300 சதுர அடி கூரை. அதன் மேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 2,800 லிட்டர் தண்ணீர் அதன் வழியாக ஓடும். 200 லிட்டர் டிரம்மில் பிடித்தால் 14 டிரம். அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத தகரமும் அதில் போட்ட திருகாணிகளும் சேர்ந்து அவ்வளவையும் வெளியே தள்ள வேண்டும்.

ஒழுக்குதானே, கீழே ஒரு குண்டான் வைத்தால் ஆயிற்று என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நனைவது தரை மட்டும் இல்லை. காய்ந்த மக்காச்சோளத்தில் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அந்தப் பூஞ்சணத்தில் ஒரு வகை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரலைக் கெடுக்கிற நஞ்சு அது, வேக வைத்தாலும் முழுக்கப் போகாது. ஒரு மூலையில் சொட்டிய தண்ணீர் ஒரு போகத்து விளைச்சலின் விலையை இறக்கிவிடும். பிள்ளைகளின் புத்தகப் பை, ரேஷன் அரிசி, மின்சார போர்டு, பாய் விரித்துப் படுக்கிற இடம் எல்லாம் அந்தக் கூரைக்குக் கீழேதான் இருக்கின்றன.

சரி, தண்ணீரின் வழிக்கு வருவோம். ஷீட்டில் ஒரு துளை வழியாக உள்ளே நுழைந்த தண்ணீர் உடனே கீழே விழாது. தகரத்தின் அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே வாட்டத்தில் இறங்கும். இறங்கிப் போய் ஒரு குறுக்குச் சட்டத்தில் முட்டும். மரரீப்பரோ இரும்புக் குழாயோ, அதன் மேல் ஏறிப் பக்கவாட்டில் ஓடும். எங்கே சட்டம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறதோ, எங்கே வெல்டிங் புடைப்போ ஆணியின் நுனியோ இருக்கிறதோ, அங்கே திரண்டு சொட்டும். நுழைந்த இடத்துக்கும் சொட்டிய இடத்துக்கும் நடுவே நாலைந்து அடி இருப்பது சர்வசாதாரணம். அதனால்தான் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஏறிப் பார்த்தால் தகரம் பளபளவென்று நன்றாக இருக்கும். அங்கே பூசிய தார் வீண். சொட்டும் இடத்திலிருந்து முகட்டை நோக்கி, இரு பக்கமும் கொஞ்சம் அகட்டித் தேடுவதுதான் முறை.

தேட மூன்று வழிகள் உண்டு. நல்ல உச்சி வெயிலில் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே நின்று கண் இருட்டுக்குப் பழகும் வரை காத்திருங்கள். ஆணித் துளையும் துருவின் பொத்தலும் நட்சத்திரம் மாதிரி தெரியும். அவற்றைச் சுற்றி உள்பக்கமே சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இரண்டு ஷீட் ஒன்றின் மேல் ஒன்று படிகிற இடத்தில் தண்ணீர் நுழைந்தால் வெளிச்சம் தெரியாது. அதற்கு மழைக்கு முன்னாலேயே குறுக்குச் சட்டங்களின் பக்கவாட்டில் சாக்பீஸைப் பட்டையாகத் தேய்த்து வையுங்கள். தண்ணீர் ஓடிய தடம் கழுவிப்போன கோடாகத் தெரியும், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம். மூன்றாவது, ஓஸ் பைப் வைத்துப் பார்ப்பது. ஒருவர் மேலே பைப்போடு, இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு. இதில் எல்லோரும் முகட்டில் தண்ணீரை ஊற்றுவதிலிருந்து தொடங்குகிறார்கள். அப்படிச் செய்தால் தண்ணீர் கூரை முழுக்க வழிந்து, எந்த இடத்தில் நுழைந்தது என்று தெரியாமல் போகும். இறவாணத்திலிருந்து தொடங்குங்கள். கீழ் வரிசையில் பத்து நிமிடம் ஊற்றுங்கள், உள்ளே சொட்டவில்லை என்றால் அடுத்த வரிசைக்கு ஏறுங்கள். எந்த வரிசையில் உள்ளிருப்பவர் குரல் கொடுக்கிறாரோ, குற்றவாளி அந்த வரிசையில்தான் இருக்கிறது.

பெரும்பாலும் அகப்படுவது திருகாணிதான். ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். அறுகோணத் தலை, அதன் கீழே ஒரு உலோக வாஷர், வாஷருக்கு அடியில் ஒட்டிய கருப்பு ரப்பர். தண்ணீரைத் தடுப்பது இரும்பு இல்லை, அந்த ரப்பர். சரியாக இறுக்கிய திருகாணியில் ரப்பர் உலோக வாஷரின் விளிம்புக்கு வெளியே கொஞ்சமாகத் தெரிகிற அளவு அழுந்தியிருக்கும். டிரில் மிஷினை விடாமல் அழுத்தினால் ரப்பர் பிதுங்கி வெளியே வரும், இரண்டு கோடையில் வெடித்துவிடும். இறுக்கம் போதாவிட்டால் வாஷரைக் கையாலேயே சுற்றலாம். சாய்ந்து ஏறிய திருகாணி ஒரு பக்கம் அழுந்தி மறுபக்கம் வாய் பிளந்து நிற்கும். வேலையாள் மதிய வெயிலில் அவசரமாக அடித்துவிட்டுப் போன வரிசையில் இந்த மூன்றையும் ஒரே ஷீட்டில் பார்க்கலாம்.

நன்றாக அடித்த திருகாணியும் வருடம் ஆக ஆகத் தளர்வதற்குக் காரணம் வெயில். இரவில் 20 டிகிரிக்கு வந்த தகரம் மதியம் 60 டிகிரிக்கு ஏறும். 40 டிகிரி வித்தியாசத்தில் 6 மீட்டர் நீள இரும்புத் தகடு கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும், ராத்திரி திரும்பச் சுருங்கும். சாயங்காலம் கூரை 'டக் டக்' என்று சத்தம் போடுவது இதனால்தான். தினமும் இப்படி இழுபட்டு, திருகாணியைச் சுற்றிய வட்டத் துளை நீள்வட்டமாகிவிடும். அதன் மேல் எம்-சீலையோ சிமெண்டையோ அப்பினால் அது கல்லாக இறுகிவிடும். தகரம் நகரும், கல் நகராது. நடுவில் மயிரிழை விரிசல் விழும், அதில் தண்ணீர் நுழையும். டீக்கடையில் எம்-சீல் வைக்கச் சொன்ன அந்தப் பெஞ்சுக்காரருக்குப் பதில் இதுதான். பூசிய பொருள் மட்டமானது என்பதல்ல, நகர்கிற இடத்தில் நகராத பொருளை வைத்ததே காரணம்.

ஆக, பழைய திருகாணியைக் கழற்றிவிட்டு, அதைவிடத் தடித்ததைப் போடுங்கள். வழக்கமாக 5.5 மில்லிமீட்டர் போட்டிருப்பார்கள். 6.3 மில்லிமீட்டர் தடிப்பில் அதே மாதிரி திருகாணி கடையில் கிடைக்கும், பெரிய வாஷரோடு கேட்டு வாங்குங்கள். அடியில் உள்ள மரம் இற்றுப்போயிருந்தால் எத்தனை தடித்த திருகாணியும் நிற்காது, ரீப்பரை மாற்றித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, கூரையில் திருகாணி ஷீட்டின் மேட்டில்தான் இருக்க வேண்டும். பள்ளத்தில் தண்ணீர் வாய்க்காலாக ஓடும், அங்கே துளை போட்டால் வருடம் முழுக்க அந்த ஒரு ரப்பரை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அடுத்தது ஷீட்டும் ஷீட்டும் சேர்கிற இடம். தண்ணீர் மேலே ஏறாது என்று நாம் நினைக்கிறோம். இரண்டு சந்தர்ப்பங்களில் ஏறும். மிக நெருக்கமாகப் படிந்த இரண்டு தகடுகளுக்கு நடுவில், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போலத் தண்ணீர் தானாகவே உறிஞ்சப்பட்டு ஏறும். நல்ல ஷீட்டின் ஓர மேட்டில் சின்னதாக ஒரு வாய்க்கால் மடிப்பு இருப்பது அந்த ஏற்றத்தை அறுப்பதற்காகத்தான். அந்த மடிப்பு உள்ள ஓரம் அடியில் போக வேண்டும், தலைகீழாகப் போட்டால் மடிப்பு இருந்தும் பயனில்லை. இரண்டாவது, காற்று. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று பெய்து, பிறகு மேற்கே நம் பக்கமாக வலுவிழந்து வந்ததே, அப்போது பல கூரைகள் முதல்முறையாக ஒழுகின. துளை புதிதாக விழவில்லை. சாய்வாக அடித்த மழை, சேர்க்கையின் திறந்த வாய்க்குள் தள்ளப்பட்டது.

ஷீட் வேயும்போது காற்று வரும் திசைக்கு எதிர்முனையிலிருந்து தொடங்க வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வது இதற்காகத்தான். அப்போது மேல் ஷீட்டின் வாய் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழை வடகிழக்கிலிருந்து வரும். ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை பெரும்பாலும் மேற்கே கல்வராயன் மலைப் பக்கமிருந்து காற்றோடு இறங்கும். இரண்டு திசைக்கும் ஒரே நேரத்தில் முதுகு காட்ட முடியாது. அதனால் சேர்க்கைக்கு நடுவில் பியூட்டைல் டேப் என்கிற பிசின்பட்டையை வைத்து, மேலே ஒன்றரை அடிக்கு ஒரு சின்னத் திருகாணியோ ரிவெட்டோ போட்டுவிடுவது நல்லது. அந்தப் பட்டை இறுகாது, தகரத்தோடு சேர்ந்து நீண்டு சுருங்கும். சேர்க்கைக்கு வெளியே ஓரத்தில் பூசுவதை விட உள்ளே வைப்பது பல மடங்கு நாள் உழைக்கும். வெயில் அதன் மேல் படுவதே இல்லை அல்லவா?

வாட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மலையில் புல் வேய்ந்த பழைய வீடுகளின் கூரை எவ்வளவு செங்குத்தாக இறங்கும் என்று பார்த்திருப்பீர்கள். புல்லுக்கு அந்தச் சரிவு கட்டாயம், தண்ணீர் ஒரு நிமிடம் தங்கினாலும் உள்ளே ஊறிவிடும். தகரத்துக்கு மாறியபோது அந்தச் செங்குத்து தேவையில்லை என்று ஆனது. அது சரிதான், ஆனால் ஷீட் மிச்சம் பிடிக்கிறோம் என்று வாட்டத்தை ஏறக்குறைய தரைமட்டத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். 10 அடிக்கு 1 அடியாவது இறக்கம் வேண்டும். அதற்குக் குறைந்தால் சேர்க்கைகளில் தண்ணீர் தேங்கி நின்று உள்ளே வழி தேடும். மலைக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் 20 அடி ஷீட்டை ஏற்றிப் போவது எளிதில்லை. துண்டு துண்டாக வெட்டி ஏற்றினால், முழு ஷீட் படுக்க வேண்டிய இடத்தில் குறுக்கே ஒரு சேர்க்கை கூடுதலாக வந்துவிடும். அந்தக் குறுக்குச் சேர்க்கையில் மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் அரை அடியாவது படிய வேண்டும், வாட்டம் குறைவென்றால் இன்னும் ஒரு சாண் சேர்த்தே விடலாம். வெட்டும்போது கிரைண்டர் போட்டால் பறக்கிற பொறிகள் ஷீட்டில் ஒட்டி, ஒவ்வொரு பொறியும் ஒரு துருப்புள்ளியாகும். தகரக் கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். வேறு வழியில்லாமல் கிரைண்டர்தான் என்றால் தரையில் வைத்து வெட்டி, உடனே துடைத்துவிட வேண்டும்.

இப்போது சுவரோடு தகரம் சேர்கிற இடம். இங்கேதான் சிமெண்டுக் கலவையைக் குழைத்து மூலையில் அப்பிவிடுவார்கள். இரண்டு காரணத்தால் இது கெடுதல். ஒன்று முன்பே சொன்ன விரிசல். இன்னொன்று, ஈரச் சிமெண்டும் சுண்ணாம்பும் காரத்தன்மை கொண்டவை, துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் அரிக்கும். கால்வால்யூம் என்று விற்கிற ஷீட்டின் மேல்பூச்சில் 55 சதவீதம் அலுமினியம், மீதியில் பெரும்பகுதி துத்தநாகம், கொஞ்சம் சிலிக்கான். அந்தப் பூச்சுதான் இரும்பைக் காக்கிறது. கலவை பட்ட கோட்டில் பூச்சு போனால் துரு அங்கிருந்து கிளம்பும். சுவரில் ஒரு காடி வெட்டி, தகரப் பட்டையை எல் வடிவத்தில் மடித்து, ஒரு கையைக் காடிக்குள் செருகி, மறு கையை ஷீட்டின் மேல் படியவிட்டால் போதும். ஷீட் அதன் அடியில் தாராளமாக நகரட்டும்.

சுண்ணாம்பைக் குறை சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கட்டிய தளத்துக்கு அதைப் போல வேறொன்றில்லை. தேக்கு உத்தரம் போட்டு, செங்கலைக் குத்துக்கல்லாக நிறுத்திக் கட்டும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்கி, அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். அடிக்க அடிக்கத் தெளிக்கிற தண்ணீரில் கடுக்காயும் வெல்லமும் ஊறியிருக்கும். கல்வராயன் மலை கடுக்காய்க்குப் பேர் போனது. வெல்லம் காய்ச்சும் கரும்போ, மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலை வைக்கிற அளவுக்கு நம் மண்ணில் விளைகிறது. தளம் ஒழுகாமல் இருக்க வேண்டிய இரண்டு சரக்கும் இந்த மாவட்டத்திலேயே கிடைக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பை அதிகமாகக் கரைய வைக்கும், கடுக்காயின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கலவை சீக்கிரம் இறுகாமல் வேலைக்கு நேரம் கொடுக்கும். பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, மாதக் கணக்கில் மெல்ல மெல்லக் கல்லாகும். பழைய தளத்தில் ஒழுக்கு வந்தால் அதே சுண்ணாம்பைக் கொண்டு பழுது பாருங்கள், மேலே சிமெண்டைப் பூசி மூடாதீர்கள். தகரத்தின் பக்கம் மட்டும் சுண்ணாம்பைக் கொண்டுபோக வேண்டாம், அவ்வளவுதான்.

பூசுகிற பொருள்களைப் பற்றி நாலு வார்த்தை. தார் மலிவு, ஆனால் கோடையில் இளகி வழியும், அடுத்தடுத்த வருடங்களில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். அதன் கீழே ஈரம் தங்கித் துருவை வளர்க்கும். சிலிக்கானில் இரண்டு வகை. பிதுக்கியதும் புளித்த காடி மாதிரி நெடி அடித்தால் அது உலோகத்தை அரிக்கும் வகை, தகரத்துக்கு ஆகாது. நெடி இல்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அதிலும் ஒரு தொல்லை, சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு வேறு எந்தப் பூச்சும் ஒட்டாது, முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டிவரும். என்னைக் கேட்டால் பி.யூ. சீலன்ட் என்கிற பாலியூரித்தேன் பசைதான் தகரத்துக்கு ஏற்றது. ரப்பராக உறையும், மேலே பெயிண்டும் அடிக்கலாம். எதைப் பூசினாலும் இடம் காய்ந்திருக்க வேண்டும், தூசியும் துருவும் போயிருக்க வேண்டும். மழைக்கு நடுவில் ஏறி ஈரத் தகரத்தில் அப்பியது அடுத்த வெயிலில் தோலாக உரிந்து வரும்.

துருப்பிடித்துப் பொத்தல் விழுந்திருந்தால் பசையால் அடைக்கப் பார்க்காதீர்கள். கம்பி பிரஷ்ஷால் நல்ல இரும்பு தெரியும் வரை தேய்த்து, பிரைமர் அடித்து, அதே அலை வடிவத்தில் ஒரு துண்டு ஷீட்டை வெட்டி மேலே போடுங்கள். பொத்தலைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டராவது தாண்ட வேண்டும். துண்டின் மேல் விளிம்பு முகட்டுத் தகரத்துக்கோ மேலே உள்ள ஷீட்டுக்கோ அடியில் செருகி நின்றால் அந்த ஒட்டு பசையில்லாமலேகூடத் தாங்கும். மேலிருந்து வரும் தண்ணீர் துண்டின் மேலே ஓடிக் கீழ் ஷீட்டில் இறங்கிவிடும். துண்டை வெறுமனே மேலே ஒட்டினால் அந்த மேல் விளிம்பே அணையாகித் தண்ணீரை நிறுத்தும்.

மலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. மார்கழி, தை மாத விடியலில் மழையே இல்லாமல் கூரை சொட்டுகிறது என்று வெள்ளிமலைப் பக்கம் சொன்னால் அது பொய்யில்லை, ஆனால் ஒழுக்கும் இல்லை. தெளிந்த வானத்தின் கீழ் தகரம் தன் சூட்டையெல்லாம் இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். உள்ளே ஆட்களின் மூச்சும் அடுப்பின் ஆவியும் அந்தக் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகும். அடையாளம் காண்பது எளிது. ஒழுக்கு என்றால் ஒரு கோடாக, ஓரிடத்தில் சொட்டும். இது ஷீட்டின் அடிப்பக்கம் முழுக்க வியர்வை முத்துகளாக இருக்கும், துணியால் துடைத்தால் கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும். இதற்கு மேலே ஏறித் தார் பூசி எந்தப் பயனும் இல்லை. முகட்டுக்குக் கீழே காற்று வெளியேற இரு பக்கச் சுவரிலும் திறப்பு விடுங்கள், அடுப்புப் புகைக்குத் தனி வழி வையுங்கள். முடிந்தால் தகரத்துக்கு அடியில் ஒரு தட்டி அல்லது சீலிங் கட்டுங்கள். பகல் சூடும் அதனால் தணியும்.

சிமெண்ட் ஷீட் போட்டவர்கள் மிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பழைய ஷீட்டைத் துளைத்தாலும் தேய்த்தாலும் அறுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறக்கும், எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது. பாசி பிடித்திருக்கிறது என்று கம்பி பிரஷ் போடவே கூடாது. ஒழுக்கு பெரும்பாலும் ஜே போல்ட்டின் தார் வாஷர் காய்ந்ததால் வரும், வாஷரை மாற்றினால் போதும். விரிசல் என்றால் அந்த ஷீட்டையே முழுசாக, உடைக்காமல், நனைத்து இறக்கிவிட்டு வேறு போடுங்கள். அதன் மேல் யாரும் நேராகக் கால் வைக்கக் கூடாது. நன்றாகத் தெரிகிற சிமெண்ட் ஷீட் எந்தச் சத்தமும் இல்லாமல் உடைந்து ஆளைக் கீழே விட்டுவிடும். நீளமான பலகையை இரண்டு குறுக்குச் சட்டங்களில் படுகிற மாதிரி போட்டு, அதன் மேல்தான் நகர வேண்டும்.

நெடுஞ்சாலை ஓரம் நிற்கிற டிபன் வண்டிகளுக்கும் பழைய கண்டெய்னரை வெட்டிச் செய்த கடைகளுக்கும் இதே கணக்குத்தான், ஒன்று கூடுதல்: வண்டிகள் குலுங்கும். வீட்டுக் கூரை வெயிலில் மட்டும் நகர்கிறது. வண்டிக் கூரை ஒவ்வொரு பள்ளத்திலும் முறுக்கிக்கொள்ளும், ரிவெட் தளரும், ஓரப்பட்டை பிரியும். மேல் தகட்டுக்கும் உள் சீலிங்குக்கும் நடுவில் தண்ணீர் ஓடி, பின்னால் நுழைந்தது முன்சீட்டில் சொட்டும். மழையில் பஸ்ஸில் குடை பிடித்து உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். இந்தக் கூரைகளில் வாட்டமே கிடையாது. நிறுத்தி வைக்கும்போது ஒரு பக்கச் சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்துச் சாய்த்து நிறுத்தினால் தண்ணீர் தேங்காது. தளர்ந்த ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டுப் பெரிய ரிவெட் போட்டு, தலையின் மேல் பி.யூ. பசையால் மூடுங்கள். கண்டெய்னர் கடைகளில் கூரை பொதுவாகக் கெட்டி. 2 மில்லிமீட்டர் தகடு, ஓரம் முழுக்க வெல்டிங். அங்கே ஒழுகுவது நாமே புகைப்போக்கிக்கும் லைட்டுக்கும் வெட்டிய துளைகளில்தான். புகைப்போக்கியைச் சுற்றித் தகட்டில் நாலு விரற்கடை உயரத்துக்கு ஒரு வளையம் வெல்டிங் செய்து, குழாயில் ஒரு குல்லாத் தகடு மாட்டி அந்த வளையத்தின் மேல் கவிழ்த்துவிட்டால், பசையை நம்ப வேண்டிய அவசியமே இல்லை.

கையெடுத்துக் கேட்கிற ஒன்று உண்டு. மழை பெய்யும்போதோ இடி இடிக்கும்போதோ கூரையில் ஏறாதீர்கள். ஈரத் தகரம் வழுக்கும், மின்சாரமும் கடத்தும். வீட்டுக்கு வருகிற சர்வீஸ் வயர் ஷீட்டின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தால் அதன் தோல் நாளாவட்டத்தில் அறுந்து, கூரை முழுக்க மின்சாரம் பாயும். ஏறுவதற்கு முன் மெயினை அணைத்துவிட்டு, வயர் எங்கே தொடுகிறது என்று கீழே நின்றே பாருங்கள். ஏற்கெனவே ஷாக் அடிக்கிற கூரை என்றால் ஒழுக்கை மறந்துவிட்டு முதலில் மின்பணியாளரைக் கூப்பிடுங்கள், 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மாட்டச் சொல்லுங்கள். மழை வந்தபின் ஒழுகினால் அன்றைக்கு உள்ளே இருந்தபடி அடையாளம் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், மேலே ஒரு தார்ப்பாய் கட்ட வேண்டுமென்றால் மழை விட்ட பிறகு கட்டலாம்.

உண்மையான வேலை பங்குனி, சித்திரையில். தகரம் எலும்பாகக் காய்ந்திருக்கும், பசை பிடிக்கும், வேலைக்கு ஆளும் கிடைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் காலை எட்டு மணிக்கு முன் முடித்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் அந்தத் தகரத்தில் கை வைக்க முடியாது. முகட்டுத் தகரத்தின் திருகாணிகளை முதலில் பாருங்கள், காற்று அதைத்தான் முதலில் தூக்கும். பிறகு இறவாணம் வரை வரிசை வரிசையாக ஒவ்வொரு வாஷரையும் விரலால் சுற்றிப் பாருங்கள், சுற்றினால் மாற்றுங்கள். பள்ளங்களில் அடைந்திருக்கிற புளிய இலையையும் வேப்பம்பூவையும் கூட்டித் தள்ளுங்கள். முதல் கோடைமழை பெய்கிற அன்று வீட்டில் இருந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு குறுக்குச் சட்டங்களை ஒரு சுற்றுப் பாருங்கள். சாக்பீஸ் கோடு எங்காவது கழுவிப்போயிருந்தால், ஐப்பசிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.